பிரயாணிகளும் படப் பெட்டியும்

இக்காலத்தில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கண்ணால் பார்ப்பதைவிடப் படப் பெட்டியால் பார்ப்பதே அதிகமாகிவிட்டது. முன்பெல்லாம் காமிரா என்றால் அது பணக்காரன் வீட்டுச் சாமான். இன்றோ செல்போன் இருக்கிற இடத்தில் எல்லாம் காமிராவும் இருக்கிறது. கூலி வேலை செய்கிறவரும், கடையில் சிப்பந்தியாக இருப்பவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தஞ்சைக்கும் மாமல்லபுரத்துக்கும் ஆக்ராவுக்கும் போய்ப் படம் எடுத்துக் கொண்டு வருகிறார்கள். இதில் நமக்குச் சந்தோஷமே தவிர வருத்தம் சிறிதும் இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்றும், மூன்று பேராக நின்று எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்றும் மிரண்டு கிடந்த அதே ஜனங்கள், இன்று நாளுக்குப் பத்துத் தடவை எடுத்துக் கொள்ளுகிறார்கள். யாருடைய ஆயுசும் குறைந்ததாகத் தெரியவில்லை. எத்தனையோ பிரசங்கம் செய்தும் போகாத ஒரு மூடநம்பிக்கையை ஒரு சிறு பெட்டி ஓசையில்லாமல் ஒழித்துவிட்டது.

ஆனால் நாம் இன்று கேட்க வந்த கேள்வி வேறு. இவ்வளவு பேர் இவ்வளவு படம் எடுக்கிறார்களே, இதனால் அவர்களுடைய அறிவு எவ்வளவு வளர்ந்தது? படத்தில் விழுந்த ஜனங்களுடைய மானம் எவ்வளவு காப்பாற்றப்பட்டது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடினால், நாம் காமிராவை வாங்கிக் கொண்டோமே ஒழிய, அதை உபயோகிக்கும் அறிவை வாங்கிக் கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் படத்தில் விழுந்த மனிதன்

போட்டோப் பிடிக்கும் வித்தை உலகத்துக்கு வெளியிடப்பட்டது 1839-ம் வருஷத்தில். அதற்கு முந்திய வருஷம் பிரெஞ்சுக்காரராகிய டாகேர் என்பவர் பாரிஸ் நகரத்துப் பெரிய தெரு ஒன்றை மேல் மாடியிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் குதிரைகளும் ஜனங்களும் நெருக்கிக் கொண்டு போகிற தெரு அது. ஆனால் படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. காரணம் மந்திரமல்ல. அக்காலத்துத் தகட்டில் படம் விழப் பல நிமிஷங்கள் ஆகும். அதற்குள் நகர்ந்து போனவர்கள் ஒருவரும் தகட்டில் பதியவில்லை. ஓரிடத்தில் நின்ற ஒரே ஓர் ஆள் மட்டும் பதிந்திருக்கிறார். பூட்ஸைத் துடைத்துக் கொள்ளுவதற்காக அவர் காலை உயர்த்திக் கொண்டு நின்றார் என்றும், அவர் காலடியில் தெரிகிற உருவம் பூட்ஸ் துடைக்கும் தொழிலாளி என்றும் சொல்லுகிறார்கள். மனிதன் விழுந்த முதல் போட்டோ என்று இன்று உலகம் கொண்டாடுவது அந்தப் படத்தைத்தான். அதில் ராஜாவும் இல்லை, குருவும் இல்லை. தெருவில் நின்ற இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் பிறர் காலைத் துடைத்துப் பிழைத்தவர். இருவருடைய பெயரும் ஒருவருக்கும் தெரியாது.

இதை நாம் ஏன் சொல்லுகிறோம் என்றால், படப் பெட்டிக்கு மேல் ஜாதி கீழ் ஜாதி தெரியாது. வெளிச்சம் எதன்மேல் பட்டதோ அதைக் காட்டும். உயர்வு தாழ்வு எல்லாம் பெட்டியைப் பிடித்திருக்கிற மனிதனுடைய மூளையில்தான் இருக்கிறது. எதைப் படம் பிடிப்பது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கிறவன் அவனே.

நிழல் விழாத கோபுரமா?

தஞ்சைப் பெரிய கோவிலை எடுத்துக் கொள்ளுவோம். இராஜராஜ சோழன் கட்டுவித்து 1010-ம் வருஷ வாக்கில் முடிந்த கட்டடம். ஏறக்குறைய 200 அடி உயரம். சுற்று வட்டாரத்தில் கல் கிடைக்காத ஆற்று வண்டல் நிலத்தில், தூரத்திலிருந்து கருங்கல்லைக் கொண்டுவந்து நிறுத்திய வேலை. இதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு கதை காத்திருக்கிறது. “இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது” என்பதே அது. தகப்பன் மகனுக்குச் சொல்லுகிறான், வழிகாட்டி பிரயாணிக்குச் சொல்லுகிறான், பள்ளிக்கூடத்திலும் சொல்லப்படுகிறது. சொல்லுகிறவர், கேட்கிறவர் இருவர் கையிலும் காமிரா இருக்கிறது. காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ பெட்டியைக் கொஞ்சம் கீழே திருப்பினால் பிராகாரத்துத் தரையில் நீண்டு கிடக்கும் நிழல் படத்தில் விழும். ஆனால் ஒருவரும் கீழே திருப்புவதில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிகரத்தையே எடுத்துக் கொண்டு, நிழலின் மேலேயே நின்று கொண்டு, நிழல் விழாத அதிசயத்தைப் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள்!

சூரியன் தலைக்கு நேரே நிற்கிற நாட்களில் உச்சி வேளையில் நிழல் கட்டடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அடி அகன்று நுனி குறுகிய எந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தான். இதில் தெய்வீகமும் இல்லை, இரகசியமும் இல்லை. இல்லாத அதிசயத்தை நம்புகிறவனுக்கு, உண்மையில் இருக்கிற பெருமை கண்ணில் படாமல் போகிறது. அவ்வளவு பாரத்தை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியது மனிதனுடைய தோளும் மனிதனுடைய கணக்கும். அதை மறைத்து நிழல் கதையைச் சொல்லுகிறவன், கட்டியவனுடைய புகழைத் திருடுகிறவனாகிறான்.

சுவர் சொல்லுகிற சாட்சி

நிற்க, அந்தக் கோவிலில் படம் பிடிக்க வேண்டியதில் முக்கியமானது சிகரம் அல்ல, அடிச்சுவர் என்பதே நமது அபிப்பிராயம். இதை 160 வருஷங்களுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் அறிந்திருந்தார். லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாள அதிகாரி 1856-ம் வருஷத்தில் சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோக்காரராக நியமிக்கப்பட்டார். பெரிய பெட்டியையும், மருந்துகளையும், மெழுகு பூசிய காகிதங்களையும் சுமந்துகொண்டு திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். தஞ்சையில் அவர் கோபுரத்தை எடுத்ததோடு நின்றுவிடவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். 1858-ம் வருஷத்து வேலை அது. அந்தக் கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டு அச்சில் வரத் தொடங்கியதோ, ஜெர்மானியராகிய ஹுல்ஷ் என்பவர் முயற்சியால் 1891-ம் வருஷத்திலிருந்துதான். அதாவது, படிக்கப்படுவதற்கு முன்பே அந்தச் சாட்சியத்தைப் படம் பத்திரப்படுத்திவிட்டது. அக்கோவிலைக் கட்டியது யார் என்பதற்குப் புராணம் வேறொரு அரசன் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தது. சுவரைப் படித்த பிறகுதான் இராஜராஜன் என்று ஐயமற விளங்கிற்று. புராணத்தைக் கேட்டுக் கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் நமக்கு உண்மை தெரிந்திருக்காது.

அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது? கணக்கு எழுதியிருக்கிறது. யார் எத்தனை எடைப் பொன் கொடுத்தார்கள், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், ஒரு விளக்கு நாள்தோறும் எரிவதற்கு 96 ஆடுகளை வைத்துக்கொண்டு உழக்கு நெய் யார் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. பல ஊர்களிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், இன்ன தெரு, இன்ன பக்கம், எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு எழுதியிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று பங்கும் குறித்திருக்கிறது. கட்டிய தச்சனுடைய பெயர் இருக்கிறது. நாவிதருடைய பெயர்கூட இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற அதே சுவரில், வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லுமிடத்தில், பறைச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது!

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னேயே ஊரில் ஒரு பாகத்தைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு, நாம் சாட்சி தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. பெருமைக்காக நாம் போய் நிற்கிற அதே கல்லே சாட்சி சொல்லுகிறது. கலைக்கும் அதே சுவர், கேவலத்துக்கும் அதே சுவர். ஒன்றைப் படம் எடுத்து மற்றொன்றை மறைக்கிறவன் சரித்திரத்தை எடுத்தவன் ஆகமாட்டான். விளம்பரத்தை எடுத்தவன் ஆவான். கல்லை இழுத்துவந்து மேலே ஏற்றிய ஆயிரக்கணக்கான கூலிகளின் பெயர் அந்தச் சுவரிலும் இல்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தனுடைய காமிரா கோவில் வெளிக்குள் தாராளமாகப் போயிற்று. ஆனால் இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலே உழைத்த ஜனங்களில் ஒரு பெரும் பகுதியாருக்கு வாசற்படிக்கு மேல் காலெடுத்து வைக்க உரிமையில்லை. மதுரை மீனாட்சி கோவிலில் அவர்கள் நுழைந்தது 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ம் வருஷத்தில். இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் உள்ளே போய் நின்று படம் எடுத்துக் கொள்ளுகிறார்கள். அந்தப் படம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு பாத்தியதையின் ரசீது.

மாமல்லபுரத்திலும் இதே கதைதான். அங்கே பாறைச் சரிவில் நிற்கிற உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடிப்பது போலக் கையைத் தூக்கிக் கொண்டு படம் எடுக்காதவர் இல்லை. விளையாட்டுக்கு ஒரு படம் எடுத்துக் கொள்ளட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதே ஊரில் பாதியில் நின்று போன குகைகள் இருக்கின்றன. பாறையின் முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கிற துண்டுகளை உளியால் பெயர்த்தெடுத்து உள்ளே போயிருக்கிற முறை அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. முடிந்த சிற்பம் வேலையை மறைக்கும். முடியாத சிற்பம் வேலையைக் காட்டும். “தேவ சிற்பி ஒரே ராத்திரியில் கட்டினான்” என்கிற கதைகளுக்கு எல்லாம் அந்த ஒரு படம் போதுமான பதிலாகும். அங்கிருந்து நாலு அடி நடந்தால் இன்றைக்கும் கல் தச்சர்கள் கல் தூசியை மூச்சில் வாங்கிக் கொண்டு சிலை செதுக்குகிறார்கள். பழைய கல்லின் முன் கை கட்டி நிற்கிற பிரயாணி, இன்றைக்குச் செதுக்குகிறவனிடத்தில் விலை பேசுவதோடு சரி. அந்தத் தூசி அவன் நெஞ்சை என்ன செய்யும் என்று கேட்பதில்லை.

பெட்டியும் பொய் சொல்லும்

ஆனால் “காமிரா பொய் சொல்லாது” என்பதை வேதவாக்காகக் கொண்டுவிடக் கூடாது. அது மற்றொரு மூடநம்பிக்கை. மேற்சொன்ன டிரைப் என்பவரே வெறிச்சென்றிருந்த வானத்தில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அதிலாவது கெடுதல் அதிகமில்லை. பெலிசே பேட்டோ என்ற போட்டோக்காரர் 1858-ம் வருஷத்தில் லக்னோவில் சிக்கந்தர் பாக் என்ற இடிந்த மாளிகையைப் படம் எடுத்தார். முந்திய வருஷம் நவம்பரில் அங்கே சிப்பாய்கள் பெருவாரியாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர் படத்தில் முற்றமெங்கும் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. படத்துக்காகவே அந்த எலும்புகள் கொண்டுவந்து பரப்பப்பட்டன என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கொலை மெய், இடம் மெய், எலும்பும் மெய். ஆனால் காட்சி ஜோடிக்கப்பட்டது! இன்றைக்கோ இல்லாத மனிதனையும் நடக்காத கலவரத்தையும் கம்ப்யூட்டரே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. எங்கோ எப்பொழுதோ எடுத்த படத்தை நேற்று நம்மூரில் நடந்ததாகச் சொல்லி அனுப்பி, ஜனங்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, எந்தப் படத்தைக் கண்டாலும் எங்கே எடுத்தது, எப்பொழுது எடுத்தது, யார் எடுத்தது, எதை விட்டுவிட்டு எடுத்தது என்ற நான்கு கேள்விகளையும் கேட்டே தீர வேண்டும். புராணத்தைக் கேட்கிற கேள்வியைப் போட்டோவையும் கேட்கிறவனே பகுத்தறிவுள்ளவன்.

தெருவில் போகிறவன் சிலையல்ல

இனித் தெரு விஷயத்துக்கு வருவோம். கட்டடத்தைப் படம் எடுப்பதில் தவறு செய்தால் உண்மை கெடும். மனிதனைப் படம் எடுப்பதில் தவறு செய்தால் மானம் கெடும். நாம் இதையே முக்கியமாகக் கருதுகிறோம்.

இந்நாட்டு மனிதனைப் படம் பிடித்த சரித்திரம் யோக்கியமானதல்ல. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற பெயர் கொண்ட எட்டு வால்யூம் புத்தகத்தை அரசாங்கத்தார் வெளியிட்டார்கள். அதில் நூற்றுக்கணக்கான போட்டோக்கள். ஆனால் பெரும்பாலான படங்களின் கீழே மனிதனுடைய பெயர் இருக்காது, ஜாதியின் பெயர் இருக்கும். சென்னைப் பொருட்காட்சிச்சாலைத் தலைவராயிருந்த தர்ஸ்டன் துரை ஜனங்களுடைய மூக்கை அளந்து, தலையை அளந்து, படம் எடுத்து, 1909-ம் வருஷத்தில் ஏழு வால்யூமாகத் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். பூச்சிகளை ஊசியில் குத்திப் பெயர் எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். ஒரு மனிதனுக்குத் தாய் வைத்த பெயரை அழித்துவிட்டு, ஜாதிப் பெயரை நெற்றியில் ஒட்டினால் அது விஞ்ஞானமாகிவிடுமா? இதில் வெள்ளைக்காரனை மாத்திரம் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவன் வருவதற்கு முன்னாலேயே மனிதனை ஜாதியால் அழைத்துப் பழகியிருந்தவர்கள் நாமல்லவா?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் போது ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் பஞ்சத்தின் கொடுமையைச் சீமைக்காரன் கண்ணுக்குக் காட்டின என்பது உண்மை. ஆனால் சாகக் கிடக்கிறவனை இப்படி உட்கார், அப்படித் திரும்பு என்று வரிசைப்படுத்துகிற மனம் எப்படிப்பட்ட மனம் என்ற கேள்வி அதற்குப் பிறகு ஒழியவே இல்லை.

ஹூப்பர் போனார், அந்த மனம் போகவில்லை. இன்றைக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர் தெருவில் எதைப் படம் எடுக்கிறார் என்று பாருங்கள். கிழவியின் முகச் சுருக்கம், சட்டையில்லாத குழந்தை, பாரவண்டி இழுக்கிறவனுடைய முதுகு, பிளாட்பாரத்தில் தூங்குகிறவன். எடுத்துக்கொண்டு போய், “ஏழையின் சிரிப்பு” என்றும், “எளிமையின் அழகு” என்றும் கீழே எழுதுகிறார். காசியில் மணிகர்ணிகைத் துறையில் பிணம் எரிவதைக்கூட, பக்கத்தில் பிள்ளை நின்று அழுது கொண்டிருக்கும்போதே, படகில் போகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். தன் வீட்டுச் சாவில் ஓர் அந்நியன் வந்து பெட்டியை நீட்டினால் இவர் பொறுப்பாரா? தன் தாயார் குளத்தில் குளிக்கும்போது ஒருவன் படம் எடுத்தால் சும்மா இருப்பாரா? தனக்கு ஒரு நீதி, தெருவில் இருப்பவனுக்கு ஒரு நீதி என்பதைத்தான் மனுதர்மம் என்கிறோம். அது ஓலைச் சுவடியில் இருந்தாலும் ஒன்றுதான், செல்போனில் இருந்தாலும் ஒன்றுதான்.

வறுமையில் அழகு ஒன்றும் இல்லை. வறுமையில் இருக்கிற மனிதனிடத்தில் அழகு இருக்கலாம். அது அவனுக்குச் சொந்தம். அவனைக் கேட்காமல் எடுத்துக் கொண்டு போக நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் தெருவைப் படம் எடுக்கவே கூடாதா என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் மெஷின் போட்டுக் கொண்டு வெகுகாலம் தொழில் செய்தார்கள். புத்தகக் கடையும் வளையல் கடையும் பாத்திரக் கடையும் இருந்தன. சில வருஷங்களுக்கு முன் அந்தக் கடைகள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்தைப் பாதுகாக்க அது அவசியம் என்பது ஒரு கட்சி. பிழைப்பு போயிற்றே என்பது மற்றொரு கட்சி. அது எப்படியிருந்தாலும், அந்த மண்டபத்தில் ராஜா சிலை மாத்திரம் இருக்கவில்லை, உழைத்துச் சாப்பிட்ட மனிதர்களும் இருந்தார்கள் என்பதற்கு இனிமேல் சாட்சி, அக்காலத்தில் அங்கே எடுக்கப்பட்ட படங்களே. தூணை மாத்திரம் எடுக்க வேண்டுமென்று தையல்காரரை ஒதுங்கச் சொன்னவருடைய படத்தில் பாதிச் சரித்திரம் போய்விட்டது. தையல்காரரிடத்தில் பெயர் கேட்டு, சம்மதம் கேட்டு எடுத்தவருடைய படத்தில் முழுச் சரித்திரமும் இருக்கிறது.

அநீதியைப் படம் எடுப்பதும் அவசியம். மலக்குழியில் மனிதனை இறக்குவதைச் சட்டம் 2013-ம் வருஷத்தில் மேலும் கடுமையாகத் தடுத்த பிறகும் அது நின்றபாடில்லை என்றால், அங்கே எடுக்கிற ஒரு படம் பத்து மகஜருக்குச் சமானம். ஆனால் அங்கேயும் ஒரு விவேகம் வேண்டும். குழிக்குள் இறங்கியவனுடைய முகத்தை ஊரெல்லாம் காட்டி அவன் பெண்டு பிள்ளைகளை வெட்கப்பட வைக்காமல், குழியைக் காட்டு. கவசமில்லாத கையைக் காட்டு. அவனை இறக்கிய காண்ட்ராக்டரின் வண்டியைக் காட்டு. கேவலம் அனுபவித்தவனுக்கல்ல, செய்தவனுக்கே போய்ச் சேர வேண்டும்.

தடையும் உரிமையும்

படம் எடுக்க உரிமை யாருக்கு இருக்கிறது என்பதையும் இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மத்திய தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் சமாதி அறை ஆகிய மூன்றைத் தவிர மற்ற எல்லா இடங்களின் வெளிகளிலும் படம் எடுக்கலாம் என்று 2018-ம் வருஷத்தில் உத்தரவாயிற்று. நமது ராஜ்யத்துக் கோவில்களிலோ, பரிசுத்தத்தையும் ஒழுங்கையும் முன்னிட்டுச் செல்போனைத் தடை செய்யும்படி 2022-ம் வருஷம் டிசம்பரில் ஐகோர்ட்டார் உத்தரவிட்டார்கள். கூட்டத்தில் நிற்கிறவர்களுடைய அமைதியும், பெண்கள் தங்களைத் தெரியாமல் எவனோ படம் எடுப்பானே என்ற பயமில்லாமல் இருப்பதும் நியாயமான காரணங்கள். அவற்றை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் ஜனங்களுடைய வரியாலும் உழைப்பாலும் எழுந்த சுவரில் உள்ள எழுத்து ஜனங்களுடைய சொத்து. அதைப் படிக்கிறவனுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் சுலபமாக அனுமதி கொடுக்க ஒரு வழி செய்ய வேண்டியது அதிகாரிகளின் கடமை. கர்ப்பக்கிரகத்தைப் படம் எடுக்க விடவில்லையே என்று நாம் வருந்தப் போவதில்லை. பூட்டிய அறைக்குள் இருப்பதைவிட, வெயிலும் மழையும் படத் திறந்து கிடக்கிற வெளிச் சுவரில்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அதிகம் இருக்கிறது.

செய்ய வேண்டியது

ஆகவே, பிரயாணம் போகிற தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொள்ளுவது இதுதான்.

பழைய இடத்துக்குப் போனால் முதலில் உங்களை எடுத்துக் கொள்ளுங்கள், தடையில்லை. பிறகு கல்வெட்டை எடுங்கள். நடுப்பகல் வெயிலில் எழுத்துத் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். படித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். பாதியில் நின்ற வேலையை எடுங்கள். விரிசலையும், அதில் முளைத்த அரசஞ் செடியையும், கல்லின்மேல் தன் பெயரைக் கிறுக்கி வைத்தவனுடைய அறிவீனத்தையும் எடுத்து இலாகாவுக்கு அனுப்புங்கள். யாராவது அதிசயம் சொன்னால், வாதம் செய்து தொண்டை வற்ற வேண்டாம். பெட்டியைத் திருப்பி எடுத்துக் காட்டுங்கள்.

தெருவில் மனிதனை எடுக்குமுன் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். “ஐயா, எடுக்கலாமா?” “அம்மா, எடுக்கலாமா?” என்று கேட்பதற்குப் பாஷைகூட வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும். வேண்டாமென்று தலையசைத்தால் பெட்டியை இறக்குங்கள். ஏன் என்று கேட்க நமக்குப் பாத்தியதை இல்லை. குழந்தையானால் பெற்றவரைக் கேளுங்கள். எடுத்ததை அவருக்கே காட்டுங்கள். கூடுமானால் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள். ஒருபோதும் ஜாதியைப் போடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஊரையும் தேதியையும் எழுதி வையுங்கள். தேதியில்லாத படம் சாட்சியாகாது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கொண்டு நிற்கிறோம். கல்லுக்கு வலியும் இல்லை, வெட்கமும் இல்லை. அதை விட்டு வெளியே வந்ததும், வலியும் வெட்கமும் உள்ள மனிதனுடைய முகத்துக்கு நேரே கேளாமல் பெட்டியை நீட்டுகிறோம். இந்த இரண்டில் மரியாதை யாருக்கு முதலில் சேர வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்து முடிவு செய்து கொள்ளட்டும்.